முள்ளிப்பட்டில் நான் மொழிபெயர்த்தது

போன வாரம் நித்யா போன் செய்தாள். ஆரணியில் நான் வேலை பார்த்த பட்டுச்சேலை கம்பெனியில் இப்போது என் இடத்தில் இருப்பவள் அவள்தான்.

"மேடம், இந்த வருஷம் வெளிநாட்டுப் பசங்க திரும்ப வராங்க. ஆனா தமிழ்ல பேசறதுக்குப் போன்லயே ஆப் வெச்சிகினு வராங்களாம். நான் சும்மா கூட நடந்தா போதும்னு மெயில் போட்டுகிறாங்க. உங்க காலத்துல நீங்க இன்னா செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்களேன், மேனேஜர்கிட்ட காட்டணும்" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்து யோசித்தால், செய்த வேலை என்று வரிசையாக எழுத அரைப் பக்கம்தான் வருகிறது. வேனுக்குச் சொல்வது, லாட்ஜில் சுடுதண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது, மொழிபெயர்ப்பது. அதனால் வேலைப் பட்டியலை விட்டுவிட்டு நடந்ததை எழுதுகிறேன். மேனேஜரிடம் காட்டுவதும் காட்டாததும் நித்யாவின் விருப்பம்.

என் பெயர் வாணி. அப்பா களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினார். நான் அரசுக் கல்லூரியில் ஆங்கிலம் படித்தேன், டைப்ரைட்டிங் படித்தேன், இந்தக் கம்பெனியில் கடிதம் அடிக்கச் சேர்ந்தேன். வெளிநாட்டுக்குச் சேலையும் துணியும் போகத் தொடங்கியபோது கடிதத்தோடு போனிலும் பேசச் சொன்னார்கள். பேசிப் பேசித்தான் ஆங்கிலம் வந்தது. கல்லூரியில் வந்தது பாஸ் மார்க் மட்டும்.

மாணவர்கள் வர ஆரம்பித்தது ஐரோப்பாவில் எங்களிடம் துணி வாங்கும் ஒருவர் மூலமாக. அங்கே எம்.பி.ஏ. படிக்கிற பிள்ளைகள் படிப்பின் ஒரு பகுதியாக வேறு நாட்டுக்குப் போக வேண்டுமாம். அங்கே ஒரு கம்பெனிக்குள் சில வாரம் இருந்து, அந்தக் கம்பெனிக்கு உண்மையாகவே இருக்கிற ஒரு பிரச்சினையை ஆராய்ந்து யோசனை சொல்ல வேண்டுமாம். எங்கள் முதலாளியிடம் இதை விளக்கினேன்.

"நம்ம பிரச்சினையை நம்மளாலயே தீக்க முடியல. ஏரோப்ளேன்ல வந்து தீக்கப் போறாங்களா?" என்று சிரித்தார். பிறகு, "வரட்டும். பசங்கதானே. சோறு மட்டும் காரமில்லாம போடுங்க" என்றார்.

முதல் வருடம் நான் செய்த மொழிபெயர்ப்பை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஒரு நெசவாளர் வீட்டில், "உங்களுக்கு என்ன பிரச்சினை இருக்கிறது?" என்று ஒரு மாணவன் கேட்டான். நான் நல்ல தமிழில் கேட்க வேண்டும் என்று, "தொழில்ல இன்னா சிக்கல் இருக்குங்க?" என்றேன். தறிக்காரரிடம் சிக்கல் என்றால் நூல் சிக்குவதுதான். அவர் ஆர்வமாக எழுந்துபோய்ச் சிக்கு விழுந்த பட்டு நூல் ஒன்றைக் கொண்டுவந்து, அதை எப்படி அறாமல் பிரிப்பது என்று காட்டத் தொடங்கிவிட்டார். மாணவர்கள் நால்வரும் பயபக்தியோடு படம் பிடித்தார்கள். கல்லூரிக்குப் போய் அதையும் காட்டினார்களாம்.

அதற்குப் பிறகு எனக்கென்று சில முறைகள் வைத்துக்கொண்டேன். முதல் நாள் கேள்வியே கிடையாது. சாயப்பட்டறை, நூலைப் பாவாக ஓட்டுகிற இடம், சேலை மடிக்கிற அறை என்று எல்லாவற்றையும் நடந்து பார்க்க வேண்டும். வீடுகளுக்குப் போனால் செருப்பை வெளியே விட வேண்டும், கொடுக்கும் தம்ளரைக் கையில் வாங்க வேண்டும். குடிக்க முடியாவிட்டால் பிடித்துக்கொண்டாவது இருக்க வேண்டும். நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார மாட்டேன். சற்றுப் பின்னால் தள்ளி உட்காருவேன். அப்போதுதான் கேட்பவரும் சொல்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அவர்கள் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்வேன். "அவங்க இப்படிச் சொல்றாங்க, இவங்க அப்படிச் சொல்றாங்க" என்று இழுப்பதில்லை. அப்படி இழுத்தால் பேச்சு ஆறிப்போய்விடும்.

முதலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாடி அறையில் நாற்காலி மேசை இருந்தாலும் வெள்ளை மெத்தையில் சம்மணம் போட்டுத்தான் உட்காருவார். சேலையை விரித்துப் போட்டுவிட்டுச் சேலையைப் பார்க்க மாட்டார்; எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் நான் "வாணிம்மா". கோபம் என்றால் "மேடம்". ஒரு கேள்வியை இரண்டாவது முறை கேட்க மாட்டார். ஒருமுறை கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் எதிரில் இருப்பவர் தானாகவே எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். பெரிய பெரிய வியாபாரிகள் கொட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது, மூன்றாவது அணி வந்த வருடம். மூன்று பேர். நெதர்லாந்தில் ஒரு கல்லூரியில் ஒன்றாகப் படிப்பவர்கள். மார்த்தா போலந்துக்காரி, எல்லாவற்றையும் முதலில் சரிபார்த்துவிட்டுத்தான் சிரிப்பாள். பீட்டர் கென்யாவிலிருந்து வந்தவன். கதவு நிலை எங்கும் அவன் தலை இடித்தது, ஒவ்வொரு முறையும் அவனே நிலையிடம் மன்னிப்புக் கேட்டான். யான் நெதர்லாந்துப் பையன். கம்ப்யூட்டர் வேலை முழுவதும் அவன் பொறுப்பு.

முதலாளி அவர்களுக்குக் கொடுத்த பிரச்சினை இதுதான். முள்ளிப்பட்டில் எங்களுக்காக வீட்டுத் தறியில் நெய்பவர்களிடமிருந்து சேலை நேரத்துக்கு வருவதில்லை. ஏன்? அவர் மனதில் பதிலும் இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு இடம் வாங்கிப் போட்டிருந்தார். அங்கே பெரிய ஷெட் கட்டி எல்லாத் தறியையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவர ஆசை. வெளிநாட்டுப் படிப்பு படித்தவர்கள் வாயால் அது வந்தால் வீட்டில் அண்ணன் தம்பிகளைச் சம்மதிக்க வைக்கலாம் என்று நினைத்தார்.

கம்பெனியில் ஒரு விதி உண்டு. எங்களிடம் வேலை வாங்குபவர் வேறு வியாபாரிக்கு நெய்யக் கூடாது. தெரிந்தால் அன்றோடு வேலை நிற்கும். தறிகளைப் பார்த்து வர ஆரணியிலிருந்து ஒருவர் அவ்வப்போது போவார்.

முள்ளிப்பட்டில் நாங்கள் போன வீடுகளில் ஒன்று செல்வி வீடு. செல்விக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கூடத்தில் இரண்டு தறி. ஒன்றில் எங்கள் பாவு, அதாவது நீளவாக்கில் கட்டும் நூல், ஏற்றப்பட்டு நெய்யாமல் நின்றது. இன்னொன்று பழைய போர்வையால் மூடிக் கிடந்தது.

"அது சும்மா கெடக்குதுக்கா. ரிப்பேரு" என்றாள் செல்வி, நாங்கள் கேட்காமலேயே.

பேச்சு நடந்துகொண்டிருந்தபோது பீட்டர் எழுந்தான். மேலே உத்தரம் இருந்ததை மறந்துவிட்டான். இடித்த இடியில் தடுமாறி, பிடிமானத்துக்கு எட்டியதைப் பிடித்தான். போர்வை அவன் கையோடு வந்துவிட்டது.

உள்ளே பாதி நெய்த சேலை. மயில் கழுத்து நிறம். அந்த அகலத்தில் எங்கள் கம்பெனி பார்டர் போடுவதே இல்லை. இது வேறு வியாபாரியின் சேலை என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது செல்விக்கும் தெரிந்துவிட்டது.

பீட்டர் "ஸாரி, ஸாரி" என்று போர்வையைத் திரும்பப் போர்த்தினான், தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவதுபோல. செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கை மட்டும் தறிக்கட்டையில் இறுகியிருந்தது.

மார்த்தா கெட்டிக்காரி. இரண்டு முகத்தையும் பார்த்தாள். என்ன விஷயம் என்று என்னிடம் கேட்கவில்லை. செல்வியைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். நான் வழக்கம்போலத் தமிழில் சொன்னேன்.

"இங்க பாத்தது, கேட்டது எல்லாத்தையும் நாங்க எழுதுவோம். யார் வீடுன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்ல மாட்டோம். கம்பெனிக்கும் சொல்ல மாட்டோம்."

செல்வி மார்த்தாவைப் பார்க்கவே இல்லை.

"அவங்க சொல்ல மாட்டாங்க, சரி. என் பேரே அவங்க வாயில நுழையாது. நீங்க?" என்று கேட்டாள்.

மார்த்தா என்னைப் பார்த்தாள். "என்ன கேட்கிறாள்?"

"என்னைப் பற்றிக் கேட்கிறாள்" என்றேன் ஆங்கிலத்தில்.

"உங்கள் பதிலை நான் சொல்ல முடியாது" என்றாள் மார்த்தா.

அது உண்மைதான். அத்தனை வருடத்தில் அடுத்தவர் பேச்சையே பேசிப் பழகியிருந்தேன். எனக்கென்று ஒரு பதிலை யாரும் அந்த மாதிரி வீட்டுக்குள் கேட்டதில்லை. மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். வீட்டுக்காரருக்கு முதுகு வலி, போளூரில் அவர் பார்த்த கடை வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். முதலாளியின் முகம், அவர் சும்மா இருக்கும் இருப்பு, எல்லாம் ஞாபகம் வந்தது.

"நானும் சொல்ல மாட்டேன், செல்வி" என்றேன்.

தறிக்கட்டையை விட்டாள். அதற்கப்புறம் பேசத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை.

"பாவு குடுத்துடறீங்க. குறுக்க ஓட்டற ஊடைப் பட்டு வரவே மாட்டேங்குது. கேட்டா, சாயம் போட்டுகினு இருக்காங்க, வந்துரும்ன்றாங்க. பாவை ஏத்தி வெச்சிகினு கையைக் கட்டிகினு குந்திகினு இருக்க முடியுமா? அதான் அந்தத் தறில வேற ஆளுதைப் போட்டேன். அப்புறம் உங்க ஊடை வரும்போது அது பாதில நிக்குது. அதை முடிக்காம இதை எப்படித் தொடறது? லேட்டுன்றாங்க. லேட்டுதான். பேஜாருக்கா இது, எங்களுக்கும்தான்."

மற்ற வீடுகளிலும் அதே வாக்கை முதலில் சொன்னோம். அதாவது நான் சொன்னேன். சொன்ன பிறகுதான் பேசினார்கள். பல வீடுகளில் இதே கதை. மாணவர்கள் திரும்பிவந்து எங்கள் சாயப்பட்டறையில் போய் உட்கார்ந்தார்கள். ஒரே நிறத்துக்குப் போதுமான பட்டு சேர்ந்த பிறகுதான் அடுப்பை மூட்டுவார்கள், விறகு மிச்சம். அந்த மிச்சத்துக்காக ஊடை காத்துக் கிடந்தது. பாவும் ஊடையும் ஒரு சேலைக்கு ஒன்றாகச் சாயமிட்டு ஒன்றாக அனுப்பினால் போதும், ஷெட் தேவையில்லை என்பதுதான் அவர்கள் கண்டுபிடித்தது.

ஆராய்ந்து முடித்த அன்று மாடி அறையில் திரை கட்டி யான் படங்களை ஓட்டினான். மார்த்தா பேசினாள். நான் தமிழில் சொன்னேன். முதலாளி மெத்தையில் அசையாமல் கேட்டார். ஷெட் வேண்டாம் என்ற இடத்தில்கூட முகம் மாறவில்லை. வேறு வியாபாரியின் பாவு வீடுகளில் ஓடுகிறது என்ற இடம் வந்ததும் நிமிர்ந்தார்.

"எந்தெந்த வீடு?"

மொழிபெயர்த்தேன். மார்த்தா, "பெயர் சொல்ல மாட்டோம் என்று உறுதி கொடுத்துத்தான் கேட்டோம்" என்றாள். அதையும் சொன்னேன்.

முதலாளி சும்மா இருந்தார்.

அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சங்கடம் இருந்தது. கம்பெனி முதலாளி தரும் மதிப்பீடும் அவர்கள் மார்க்கில் சேரும். யான் குனிந்து மார்த்தாவிடம், "எத்தனை வீடு என்றாவது சொல்லிவிடலாமா?" என்று முணுமுணுத்தான். பீட்டர், "போர்வையை இழுத்தது நான். தோற்றாலும் பரவாயில்லை, நான் வாய் திறக்க மாட்டேன்" என்றான். அவர்களுக்குள் பேசியதை நான் மொழிபெயர்க்கவில்லை. முதலாளியும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி விடுங்க. பசங்களுக்கு டிபன் சொல்லுங்க" என்றார்.

அவர்கள் கீழே போனதும், "நீங்க இருங்க மேடம்" என்றார்.

வாசல்வரை போன நான் திரும்பி வந்தேன்.

"உக்காருங்க." உட்கார்ந்தேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். "எந்த வீடுங்க மேடம்?"

ஒரே முறைதான் கேட்டார். பிறகு காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. கீழே ஷோரூமில் யாரோ கல்யாணச் சேலை வாங்க வந்தவர்கள் சிரித்துப் பேசுவது கேட்டது. என் நாக்கு நுனிவரை ஏதேதோ வந்தது. தெருப் பெயர், வீட்டு அடையாளம், எல்லாம். விழுங்கினேன்.

"ஐயா, சொல்ல மாட்டோம்னு அந்த வீட்டுல சொன்னது என் வாய்தாங்க. அந்தப் பொண்ணு, நீங்களுமான்னு கேட்டுச்சு. நானும்தான்னு சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"யாரையும் கேக்கலீங்க."

"நீங்க என் ஆளுங்களா, அந்தப் பசங்க ஆளுங்களா?"

"உங்க ஆள்தாங்க. இல்லன்னா இவ்ளோ பயம் இருக்காதுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாளைலேந்து ஷோரூம்ல இருங்க" என்றார்.

ஷோரூமில் சேலை எடுத்துக் காட்டுகிற பெண்களோடு நின்றேன். அவர்கள் நல்லவர்கள், என்னைச் சேலை மடிக்க விடாமல் பில் மேசைப் பக்கம் உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர், "வேலையை விட்டு அனுப்பலல்ல? விடு" என்றார். அன்று சாப்பாட்டை இரண்டு பேருமே மிச்சம் வைத்தோம்.

மாணவர்கள் ஊருக்குக் கிளம்பும் அன்று முதலாளி என்னை மாடிக்குக் கூப்பிட்டனுப்பினார். மதிப்பீட்டை ஆங்கிலத்தில் எழுத வேறு ஆள் இல்லை.

"இன்னா எழுதணும்ங்க?" என்றேன்.

"வேலையை நல்லா செஞ்சாங்க. சொன்ன பேச்சு கேக்க மாட்டாங்க. ரெண்டையும் எழுதுங்க."

இரண்டையும் அப்படியே எழுதினேன். இரண்டாவது வாக்கியத்தை அவர்களுடைய பேராசிரியர் வகுப்பில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு நல்ல மார்க் போட்டாராம். மார்த்தா பிறகு எழுதியிருந்தாள். நான் ஷோரூமுக்கு மாற்றப்பட்டது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலை முதலாளியின் கார் ஷோரூம் வாசலில் நின்றது. "ஏறுங்க" என்றார் டிரைவர். பின்னால் முதலாளி. எங்கே என்று கேட்கவில்லை. வண்டி முள்ளிப்பட்டுப் பாதையில் திரும்பியதும் செல்வியின் மூடிய தறி ஞாபகம் வந்தது.

முதலாளி அந்தத் தெருவுக்கு வந்து வருடக்கணக்காகியிருந்தது. எங்களுக்கு முன்னால் போனில் செய்தி ஓடியிருக்கும். போகிற வீட்டிலெல்லாம் ஏதாவது ஒரு தறி மூடியே கிடந்தது. ஒவ்வொரு வீட்டிலும் தரையில் உட்கார்ந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், ஒன்றையே கேட்டார். "பாவு வந்து எத்தினி நாள் கழிச்சும்மா ஊடை வருது?"

செல்வி வீடும் வந்தது. செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தலையை மட்டும் இல்லை என்று அசைத்தேன். அதை அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. முதலாளி கேட்டதற்குக் குரல் நடுங்காமல் பதில் சொன்னாள்.

கிளம்ப எழுந்தபோது அவருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. பக்கத்திலிருந்த தறிக்கட்டையைப் பிடித்து எழுந்தார். போர்வை ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. உள்ளே அதே மயில் கழுத்து நிறத்தில் இன்னொரு சேலை. அவர் குனிந்து போர்வை நுனியை எடுத்து, இருந்தபடியே மூடிவிட்டார்.

"தூசி படும், நல்லா மூடி வைம்மா. வரேன்."

கார் ஆரணியை நெருங்கியது. முதலாளி ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அந்த மயில் கழுத்துக் கலரு நம்ம பட்டறையில இந்த அளவுக்கு வரலையே, வாணிம்மா" என்றார்.

அவரே தொடர்ந்தார்.

"அன்னிக்கு நீங்க பேரைச் சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பேன். ஒரு வீட்டை நிறுத்தினா பயத்துல மத்த வீடும் அந்த இன்னொரு வியாபாரிகிட்ட போயிருக்கும். அப்புறம் நான் ஷெட்டு கட்டி அதுல யாரை உக்கார வெக்கிறது?" வண்டி ஷோரூம் வாசலில் நின்றதும், "மாடிக்கு வந்துடுங்க. லெட்டர்லாம் சேந்து கெடக்குது" என்றார்.

பாவையும் ஊடையையும் ஒன்றாகச் சாயமிட ஆரம்பித்தோம். சாயப்பட்டறையில் முணுமுணுத்தார்கள். தாமதம் முழுவதும் போய்விடவில்லை, ஆனால் குறைந்தது. ஷெட் கட்டும் பேச்சு எழவில்லை. வேறு ஆளுக்கு நெய்யக் கூடாது என்ற விதியை யாரும் நீக்கவும் இல்லை. தறி பார்க்கப் போகிறவருக்கு மட்டும் வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். செல்வி எங்களுக்கும் அந்த வியாபாரிக்கும் நெய்தாள். மார்த்தா இப்போது தன் ஊரில் ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறாள். பீட்டர் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவான், எப்போதும் ஒரு வாரம் முன்னதாக.

அடுத்த வருடம் நான்கு பேர் வந்தார்கள். முதல் நாள் அறிமுகத்துக்கு முதலாளி வருவது வழக்கமில்லை. அன்று வந்தார். மெத்தையில் உட்காராமல் நின்றபடி, "நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க, வாணிம்மா" என்றார்.

"வீடு வீடாப் போவீங்க. அங்க கேக்கறது எதுவா இருந்தாலும் எனக்குச் சொல்லுங்க. யார் சொன்னாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. நான் கேட்டாலும் சொல்லாதீங்க."

என் வழக்கப்படி "நான்" என்றே ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "அவர் உண்மையிலேயே கேட்டுவிட்டால் நாங்கள் என்ன செய்வது?"

அதைத் தமிழில் சொன்னதும் முதலாளி வாய்விட்டுச் சிரித்தார்.

"கேப்பேன். பழக்கம் போவாது. கேட்டா இந்தம்மாவைப் பாத்துக் கத்துக்கோங்க."

மாணவி என் பக்கம் திரும்பினாள். "என்ன சொல்கிறார்?"

அத்தனை வருடத்தில் முதலாளி சொன்னதில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. காபி ஆறிப்போகிறது, எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் என்றேன்.